அக்காவின் கம்பைலரும் மாமாவின் லைப்ரரியும்

விவாகரத்துத் தீர்ப்பில் அக்காவுக்கும் அவளுடைய கணவருக்கும் உறவு முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் அவருக்கும் முடிந்தது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஆகவே நான் அவரை மாமா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அது பிடிக்காது. "மாமாவாம், பெரிய மாமா!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டால் வேலையைப் பார் என்பாள்.

அக்கா மென்பொருள் எழுதுகிறவள். இன்றைக்கு மூன்று வீட்டுக்கு ஒருவர் அந்த வேலை பார்க்கிறார்கள். அப்போது அப்படியில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டால் "டைப் அடிக்கிறா" என்று சொல்லி அம்மா பேச்சை மாற்றுவாள். தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் அக்காவின் ஆபீஸ். கீழே மெக்கானிக் மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது மேலே எங்கள் மேஜையில் பேனா உருளும். எண்ணெய் வாசனை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். முன்னறையில் எடுபிடியான நானும் கேபிள் சுருள்களும், உள்ளறையில் அக்காவும் கம்ப்யூட்டரும். நீலத் திரை, மஞ்சள் எழுத்து. இப்போதும் எங்கேயாவது நீலத்தில் மஞ்சளைப் பார்த்தால் அந்த அறையின் வெக்கை என் முதுகில் ஏறுகிறது. அந்த நாளெல்லாம் திரும்ப வராதா என்று இப்போது ஏங்குகிறேன். அன்றைக்கு எப்போதடா ஐந்து மணி ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் இதே நான்தான்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான ப்ரோக்ராம்தான் எங்கள் சரக்கு. ரத்தத்தைச் சோதிக்கிற மெஷின் தன்பாட்டுக்கு எண்களைத் துப்பிக்கொண்டிருக்கும். அந்த எண்களைக் கேபிள் வழியாக வாங்கிப் புரிந்துகொள்வது ஒரு பாதி. நோயாளியின் பெயரோடு சேர்த்து ரிப்போர்ட்டாக அச்சடிப்பது மறுபாதி. முதல் பாதியை எழுதியவர் மாமா, இரண்டாவதை எழுதியவள் அக்கா. கல்யாணமான புதிதில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்குள் மற்றவர் பதிலைச் சொல்லிவிடுவார். அப்படிச் சேர்ந்து சிரித்த ஜோடியை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. கண் பட்டுவிட்டது என்று அம்மா பின்னால் சொன்னாள். எனக்குக் கண்ணில் நம்பிக்கை இல்லை, வாயில்தான் நம்பிக்கை. இரண்டு பேருக்கும் வாய் நீளம்.

சண்டை கம்பைலரில் ஆரம்பித்தது. நாம் எழுதுகிறதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் ப்ரோக்ராமுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். அந்தக் காலத்தில் அது பெட்டியில் வரும், தலையணை மாதிரி புத்தகங்களோடு. அக்காவுடையது நீலப் பெட்டி. ஒருநாள் மாமா சிவப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது வேகம் என்றார். என்னுடையது சுத்தம் என்றாள் அக்கா. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி.

கம்பைலருக்காகவா பிரிந்தார்கள் என்று கேட்பார்கள். யாராவது கம்பைலருக்காகப் பிரிவார்களா? தான் சொன்னது சரி என்று மற்றவர் ஒருமுறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து பேச்சு நின்றது. பிறகு சேர்ந்து சாப்பிடுவது நின்றது. குழந்தை இருந்திருந்தால் அதற்காகவாவது பேசியிருப்பார்கள் என்று அம்மா அழுதாள். கடைசியில் பாகப்பிரிவினை நடந்தது. ப்ரோக்ராமும் வாடிக்கையாளர்களும் அக்காவுக்கு. மெஷினோடு பேசுகிற பாதி மாமாவுக்கு. அதை அவர் தன் கம்பைலரில் போட்டு, பிரித்துப் பார்க்க முடியாத ஒரு மூட்டையாகக் கட்டித் தருவார், லைப்ரரி என்று அதற்குப் பெயர், அக்கா தன் ப்ரோக்ராமோடு இணைத்துக்கொள்ளலாம். ஆனால் சோர்ஸ், அதாவது அவர் கைப்பட எழுதிய மூலம், அவரிடமே இருக்கும். அச்சடித்த கையேட்டில் அக்கா அதை "மூன்றாம் தரப்பு லைப்ரரி" என்று குறிப்பிட்டாள். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்த மனிதர் மூன்றாம் தரப்பு! படித்துவிட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இங்கேதான் சிக்கல். அவர் சிவப்புப் பெட்டியில் கட்டுவார். இவள் நீலப் பெட்டியில் இணைப்பாள். ஒட்டாது. ஏன் ஒட்டாது என்று பரிசோதனைக் கூடத்துக்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்: வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் பதிந்த பெயர் இன்னொன்று. வாசலில் நிற்கும் தபால்காரர் பதிந்த பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். ஆள் உள்ளேதான் இருப்பான். கம்பைலர்களும் அப்படித்தான். ஒரே வேலைக்கு நீலம் உள்ளுக்குள் ஒரு பெயர் எழுதும், சிவப்பு வேறு பெயர் எழுதும். இணைக்கிற நேரத்தில் "அப்படி யாரும் இல்லை" என்று திரை முழுவதும் பிழைச் செய்தி. பெயரைச் சரிக்கட்டினாலும் விடாது. ஒரு வீட்டில் விருந்தாளி தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், இன்னொரு வீட்டில் வீட்டுக்காரர் கழுவுவார். இரண்டு பேரும் கழுவப்போனாலோ, இரண்டு பேரும் கழுவாமல் போனாலோ, ப்ரோக்ராம் நடுவழியில் படுத்துவிடும்.

படுத்தால் பஸ் ஏற வேண்டியவன் நான். மாமாவின் ஒற்றை அறை ஊரின் அந்தக் கோடியில் இருந்தது.

"அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு, அவர் லைப்ரரி என் ப்ரோக்ராமைக் கொல்லுதுன்னு" என்பாள் அக்கா.

"உங்க அக்காகிட்ட சொல்லு, அவ கம்பைலருக்குக் காது கேக்கலைன்னு" என்பார் மாமா.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பேர் சொன்னதையும் பாதியாக வெட்டி, மிளகாயை எடுத்துவிட்டு, ஆறவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "மாமா கொஞ்சம் பாக்கறேன்னாரு." "அக்காவுக்கு ஒரு சந்தேகமாம்." பையில் ஃப்ளாப்பியும் மனசில் எரிச்சலுமாக அந்தப் பஸ்ஸில் நான் போன தூரத்தைச் சேர்த்தால் வெளிநாடே போயிருக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ளாப்பியைக் கையில் வாங்கியதும் மாமா முதலில் கேட்பது "நல்லா இருக்காளா?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை மட்டும் அக்காவிடம் கொண்டு சேர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் பெயர்களை மாற்றிப் போட்டு, தட்டுகளையும் கணக்குப் பார்க்கிற ஒரு சின்னக் கோப்பை அக்கா எழுதிக்கொண்டாள். அதற்குத் "தரகன்" என்று பெயர். யாரை நினைத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. தரகன் புண்ணியத்தில் சில வருடங்கள் ஓடின.

பிறகு எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஆஸ்பத்திரி புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியது. பழைய ப்ரோக்ராம் அவற்றில் ஓடாது. கம்பைலரின் புதுப் பதிப்பில் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அந்தப் புதுப் பதிப்பில் தரகனின் தந்திரம் எதுவும் பலிக்கவில்லை. அடுத்த மாதம் பிறப்பதற்குள் ஓடவில்லையென்றால் ஒரு பெரிய கம்பெனியிடம் போய்விடுவோம் என்று பரிசோதனைக்கூட அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி போனால் அந்த இரண்டு அறைக்கும் பூட்டுதான்.

"இது போச்சுன்னா நான் வீட்டுல உக்காந்து சுவத்தைத்தான் பாக்கணும்" என்றாள் அக்கா.

அந்த வாரம்தான் ஒரு விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு எங்கள் படியேறி வந்தார். ரத்த மெஷின்களோடு பேசுகிற லைப்ரரி அவரிடமும் இருந்தது. "எந்தக் கம்பைலரா இருந்தாலும் கச்சிதமா ஒட்டிக்கும் மேடம். ஒரு பிரச்சினையும் வராது" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அக்கா அவருடைய தாள்களைப் புரட்டினாள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள். பழைய மெஷின்களுக்கு ஒத்து வருமா தெரியவில்லை என்றாள். வரும் மேடம் என்றார் அவர். எனக்கு உங்கள் டை பிடிக்கவில்லை என்று சொல்லாத குறையாக அவரை அனுப்பிவைத்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா, உனக்குப் பைத்தியமா? கையில வந்ததை ஏன் விரட்டற?"

"ஒத்து வராதுடா."

"ஒத்து வரும்னு அந்த ஆள் தலையில அடிச்சு சத்தியம் பண்றான்! அப்படி வேண்டாம்னா மாமாவுக்கு ஒரு போன் பண்ணு. பண்ணினா வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?"

"நான் ஏன் பண்ணணும்? தேவைன்னா அவர் பண்ணட்டுமே" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி போனாலும் சரி, விற்பனைக்காரரின் லைப்ரரி வந்தாலும் சரி, இனி மாமாவின் அறைக்கு நான் பஸ் ஏற வேண்டியிருக்காது. இந்த ஒட்டாத லைப்ரரியை விட்டால் அவர்கள் இருவருக்கும் நடுவில் வேறு எதுவுமே மிச்சமில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போனால் அக்காவின் மேஜைமேல் சிவப்புப் பெட்டி. கட்சித் தலைவரே கட்சி மாறியதைப் பார்த்தவனைப் போல நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் முழு ப்ரோக்ராமையும் அவருடைய கம்பைலருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுவதும் முணுமுணுப்பும் திட்டும்தான். "இதுக்கு ஒரு வேகம்னு பேரு!" என்பாள். ஆனாலும் விடவில்லை.

"அவர்கிட்ட மூச்சு விட்ட, கொன்னுடுவேன்" என்றாள் என்னிடம். "புது லைப்ரரி ஒண்ணு கட்டிக் கொடுக்கச் சொல்லு. அது போதும்."

மாமா அதிகம் பேசவில்லை. நல்லா இருக்காளா என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார். போனபோது சவரம் செய்யாத முகத்தோடு ஒரு சிடியை நீட்டினார். "புதுசா கட்டினது. ஒண்ணும் பேச வேண்டாம், போட்டுப் பாக்கச் சொல்லு." அவர் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா சிடியைப் போட்டாள். இணைக்கிற கட்டளையைக் கொடுத்தாள். அப்படி யாரும் இல்லை, அப்படி யாரும் இல்லை என்று திரை நிறையப் பிழை. அவள் முகம் விழுந்துவிட்டது. அவருடைய கம்பைலருக்கே வந்தாயிற்று, இன்னும் எப்படி ஒட்டாமல் போகும்? வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நான் கத்தினேன். "சும்மா இரு" என்றாள். லைப்ரரிக்குள் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று காட்டுகிற ஒரு சின்னக் கருவி உண்டு. அதை ஓட்டினாள். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அவள் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பாதியில் விரல் நின்றுவிட்டது.

"இது சிவப்புப் பெட்டி எழுதற பேர் இல்லடா" என்றாள். குரல் மெலிந்திருந்தது. "இது என் கம்பைலர் எழுதற மாதிரி."

எனக்கு உடனே புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் நீலப் பெட்டியை வாங்கி, எத்தனையோ வருடம் கிண்டல் செய்த அந்தக் கம்பைலரில், தன் லைப்ரரி முழுவதையும் மறுபடி கட்டி அனுப்பியிருக்கிறார். இவள் அவர் பக்கம் போன அதே வாரத்தில் அவர் இவள் பக்கம் வந்துவிட்டார். அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. கீழே மெக்கானிக் மெஷினை நிறுத்திவிட்டு "மேல என்னம்மா சத்தம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, பிழை வந்திருக்கிறது என்று நான் பதில் சொன்னேன்.

அக்கா போனை எடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். மாமாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, ரிசீவருக்கு வெளியிலும் கேட்கும்.

"என் கம்பைலர்ல கட்டியிருக்கீங்க."

"ஆமா. ஏன், ஒட்டலையா?"

"ஒட்டாது. நான் உங்க கம்பைலருக்கு மாறிட்டேன்."

"பைத்தியக்காரி" என்றார் மாமா.

"நீங்க மட்டும் என்னவாம்?"

"சரி, நான் சிவப்புக்கே திரும்பிக் கட்டித் தர்றேன்."

"வேண்டாம். என்கிட்ட பழைய ப்ரோக்ராம் அப்படியே இருக்கு. நான் நீலத்துக்குத் திரும்பறேன்."

"நீ ஏன் திரும்பணும்? நான் திரும்பறேன்."

பல வருடம் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டவர்கள் இப்போது விட்டுக்கொடுக்கச் சண்டை போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "யாராவது ஒருத்தர் அசையாம இருங்களேன்!" என்று ரிசீவரைப் பார்த்துக் கத்தினேன். பிறகு மாமா, "இரு, நானே அங்க வர்றேன்" என்றார்.

மத்தியானம் வந்தார். மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றார். அக்கா வாங்க என்று சொல்லவில்லை. "அவருக்குத் தண்ணி கொடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் நீலத்திலேயே அசையாமல் இருப்பது, அவள் திரும்பி வருவது என்று முடிவாயிற்று. இணைத்தார்கள், ஒட்டியது. ஓட்டினார்கள், தட்டு கழுவுகிற இடத்தில் இரண்டு தடவை படுத்தது. திட்டிக்கொண்டே சரிசெய்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் பிரிண்டர் முதல் ரிப்போர்ட்டைக் கக்கியது. கற்பனை நோயாளி, கற்பனை ரத்தம். இருவரும் தலையோடு தலை முட்ட அதைப் படித்ததை நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் சந்தோஷமான நாளைக் காட்டு என்றால் அதைத்தான் காட்டுவேன்.

ஆஸ்பத்திரி நிலைத்தது. அவர்கள் திரும்பச் சேர்ந்து வாழவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "ஒரே வீட்டுல இருந்தா மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடிதான். இப்படியே நல்லா இருக்கு" என்றாள் அக்கா. சோர்ஸை அக்காவிடமே கொடுத்துவிட்டால் என்ன என்று நான் மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். "கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். ஆனால் கம்பைலருக்குப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பொருத்தம் கெட்டுப்போகும். அவர் லைப்ரரியை எடுத்துக்கொண்டு நேரில் வருவார். இது அப்படியே ஒட்டாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பார். நாள் முழுவதும் பார்ப்பார்கள். பிறகு புதுப் பதிப்பு வராத வாரங்களிலும் எதையாவது சரிபார்க்க வந்தார். எனக்குப் பஸ் பயணம் இல்லாமல் போயிற்று. சம்பளத்தைக் குறைப்பேன் என்று அக்கா மிரட்டினாள். சனிக்கிழமை காலையில் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள். அப்படி எத்தனையோ வருடம்.

போன வருடம் மாமா போய்விட்டார். மார்வலி. காரியங்கள் முடிந்து, அவருடைய தம்பி ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். மாமா எழுதிய சோர்ஸ் முழுவதும் அதில் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. எங்கள் ஆபீஸ் இப்போது அவள் வீட்டின் ஒரு மூலைதான். ஆஸ்பத்திரி மறுபடியும் கம்ப்யூட்டர் மாற்றியது, மறுபடியும் புதுப் பதிப்பு. வேறு வழியில்லாமல் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு டிஸ்க்கை மாட்டினாள். ஒரு நோட்டு, இரண்டு பேனா, ஃப்ளாஸ்க் நிறையக் காபி. நாள் முழுக்கப் பிழை பார்க்கிறதற்கான ஏற்பாடு.

அவருடைய மூலத்தையும் தன்னுடைய ப்ரோக்ராமையும் சேர்த்துத் தன் கம்பைலரில் கட்டக் கட்டளை கொடுத்தாள். வரிகள் ஓடின, நின்றன. பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். அக்கா நம்பவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கட்டினாள். அதே பூஜ்யம். அவருடைய கோப்புகளைத் திறந்து மேலும் கீழும் போனாள். அவளுடைய கம்பைலரின் ஒவ்வொரு கிறுக்குத்தனத்துக்கும் அவர் பழைய வருடங்களிலேயே வழி செய்து வைத்திருந்தார். எந்தப் பதிப்பில் கட்டினாலும் ஒட்டுகிற மாதிரி எழுதியிருந்தார். கட்டி, தபாலில் ஒரு சிடி அனுப்பியிருந்தால் போதும். அவர் நேரில் வந்திருக்கவே தேவையில்லை.

"நல்லதுதானே அக்கா, வேலை முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். காபியை யாரும் ஊற்றவில்லை.

"ஒரே ஒரு எரரையாவது எனக்கு விட்டு வெச்சிட்டுப் போயிருக்கக் கூடாதாடா" என்றாள்.